ஊர் கட்டும் மகனுக்கு, உப்புப் பார்க்காமல் பரிமாறுவது பற்றி

அருண்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வரும். நீ இருப்பது செங்கம் ரோட்டில், நான் இருப்பது தேரடிக்குப் பின்னால். ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட என் கையால் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாய். நலமாகத்தான் இருக்கிறாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் நான் வாயால் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து கை கழுவப் போய்விடுவாய். எழுத்தாக இருந்தால் கடைசிவரை படிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பப் போவதில்லை. யாமினி படிக்கட்டும், உன் அப்பா படிக்கட்டும். எதையோ செய்து பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிற பிள்ளைகள் எந்த வீட்டில் இருந்தாலும் அவர்களும் படிக்கட்டும். அடித்தல் திருத்தல் வந்தால் அப்படியே இருக்கும், சுத்தப் பிரதி எடுப்பதில்லை என்று அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மற்றவர்களும் படிக்கப் போவதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறாய். ஆடுவதில்லை, செய்கிறாய். இதை நம் தெருவில் புரியவைக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. சென்னை ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிற மாதிரியான மாடி அறை ஒன்றில் நீயும் வேலூர்ப் பெண் யாமினியும் மூன்று வருஷமாக ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் வரைகிறாள், நீ அதற்கு உயிர் கொடுக்கிறாய். ராஜாக்கள் காலத்து ஊர். மலையடியில் வெறும் நிலம் கொடுத்துவிடுவீர்கள். ஆடுகிறவர்தான் ஊர்த்தலைவர். ஏரி வெட்டலாம், கால்வாய் இழுக்கலாம், கோவில் கட்டலாம், சந்தை போடலாம், படை வந்தால் கோட்டைக் கதவைச் சாத்தலாம். இதுதான் கதை, இதுதான் முடிவு என்று எதுவும் கிடையாது. ஆற்று மணலில் குழந்தை விளையாடுகிற மாதிரி அவரவர் இஷ்டம். "ஏரிக்கரை நாடு" என்று பெயரும் வைத்தாயிற்று.

இப்போது நிற்கிற இடம்தான் சிக்கல். முழுசாக முடிவதற்கு முன்பே, "இது இன்னும் முடியவில்லை" என்று சொல்லியே விளையாட்டை வெளியில் விடுகிற வழக்கம் உங்கள் தொழிலில் இருக்கிறது. ஏர்லி ஆக்ஸஸ் என்கிறீர்கள். வாங்கி ஆடுகிறவர்கள் நல்லது கெட்டது சொல்வார்கள், அதைக் கேட்டுக் கேட்டு நீங்கள் மெருகேற்றுவீர்கள். முதலில் சித்திரையில் விடுவதாகச் சொன்னாய். பிறகு ஆடி என்றாய். ஆடியும் போய், கார்த்திகை தீபத்துக்கு என்றாய். ஞாயிற்றுக்கிழமை நீயும் யாமினியும் சாப்பிட வந்தபோது அதையும் தை கழித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தாய். நான் அப்பளம் பொரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, நம் வீட்டுச் சமையலறைக்குக் கதவே கிடையாதே.

"குதிரை இன்னும் சுவத்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போகுது யாமினி. இதை எப்படி வெளிய விடறது?"

"குதிரையாவது வெளிய போகுதே அருண். நாம எப்ப போறது?"

"மூணு மாசம் குடு."

"மூணு மாசம்னு நீ சொல்றது இது மூணாவது தடவை. ஐதராபாத் கம்பெனியில வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாகணும். தீபத்துக்கு விடறோம்னா நான் இங்கதான். இல்லைன்னா நான் கிளம்பறேன். கோவமா சொல்லலை."

அவள் கோபமாகச் சொல்லவில்லைதான். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய். அவள் போய்விட்டால் உன் ஊர் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் புதன்கிழமை, துணி துவைக்கிற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போன பிறகு மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. விளையாட்டை விற்கிற இடத்தில் பூர்த்தி செய்யச் சொல்லும் கேள்விகள். ஏன் முடிக்காமல் விடுகிறீர்கள், இன்னும் எத்தனை நாள் ஆகும், இப்போது என்ன நிலையில் இருக்கிறது, முடிந்தால் எப்படி இருக்கும், ஆடுகிறவர்களின் பேச்சை எப்படிக் கேட்பீர்கள். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் என்றாலும், பஸ் ஸ்டாண்டு பக்கம் உன் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் இருபது வருஷமாக ஊர்ப்பட்ட பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துத்தான் நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். படிவம் என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். உன் பதில்களைப் படித்தேன். இப்போதைய நிலை என்ற இடத்தில் ஒரே வரி. முடிந்தால் எப்படி இருக்கும் என்ற இடத்தில் ஒரு பக்கம்! யானைப்படை, கடல் வாணிகம், நாற்பது கோட்டை, மழை, புயல், கொள்ளை நோய். ஆடுகிறவர்களின் பேச்சை எப்படிக் கேட்பீர்கள் என்ற கட்டம் மட்டும் காலி.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு நம் பௌர்ணமிச் சமையல் ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியும், நானும் வசந்தா அக்காவும் இன்னும் மூன்று பேருமாகப் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு செய்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரிமாறுகிறோம். முதல் கரண்டி சாமிக்கு. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தால்கூட அது எச்சில். அதனால் இத்தனை வருஷமாக நான் அண்டா அண்டாவாகச் செய்த சாப்பாட்டில் உப்பு சரியா, புளி சரியா என்று தெரியாமல்தான் அடுப்பிலிருந்து இறக்கியிருக்கிறேன். வாசனையை வைத்து ஒரு குத்துமதிப்பு, கொதிக்கிற சத்தத்தை வைத்து ஒரு குத்துமதிப்பு. மீதியை அளவு நோட்டு சொல்லும். எத்தனை படி அரிசி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிஞ்சியது, யார் என்ன குறை சொன்னார்கள் என்று ஒவ்வொரு பௌர்ணமியும் எழுதிவைக்கிற அதே நீல அட்டை நோட்டு. நூறு பேர் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று உன் விளையாட்டுக்காக அதைத்தானே வாங்கிக்கொண்டு போனாய். அன்றைக்கு எனக்கு ஏறிய கர்வம் இன்னும் இறங்கவில்லை.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன். நீ பார்த்திருக்கமாட்டாய். ஒரு பங்குனிப் பௌர்ணமி. சாம்பார் சாதம். உப்பை நான் போட்டுவிட்டதாக வசந்தா அக்கா நினைத்தாள், அவள் போட்டுவிட்டதாக நான் நினைத்தேன். படையல் முடிந்ததும் நேரே வண்டியில் ஏற்றிவிட்டோம். கிரிவலப் பாதையில் நிருதி லிங்கம் தாண்டி நிறுத்திப் பரிமாற ஆரம்பித்தோம். ஒரு எண்பது பேர் தொன்னையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, பேசாமல் நடந்து போய்விட்டார்கள். அதற்கு அடுத்து ஒரு ஆந்திராக்கார அம்மா. கை நிறைய பச்சைக் கண்ணாடி வளையல். ஒரு வாய் வைத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு லேதம்மா."

எனக்குத் தெலுங்கு தெரியாதுதான். உப்பு புரிந்தது, அவள் முகம் புரிந்தது. அண்டாவை மூடிவிட்டு அப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன். வசந்தா அக்கா விடவில்லை.

"எங்கடி போற? இன்னும் பாதி அண்டா இருக்கு."

"அக்கா, உப்பே இல்லையாம். எண்பது பேர் சாப்ட்டுப் போயிட்டாங்க. மானம் போச்சு."

"போன மானத்தை அப்புறம் தேடலாம். அந்தப் பொட்டிக்கடையில போய் உப்புப் பாக்கெட் வாங்கிட்டு வா. ஊறுகா இருந்தா அதையும் வாங்கு. ஓடு!"

உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் கிளறினோம். அந்த ஆந்திராக்கார அம்மா நகரவே இல்லை. தானே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று கையைக் காட்டினாள். மறுபடியும் தெளித்தோம். தலையை ஆட்டினாள். அடுத்த பௌர்ணமிக்கு அதே பச்சை வளையல் கூட்டத்தில் தெரிந்தது. வரிசையில் நின்று வாங்கி, சாப்பிட்டு, "இப்புடு பாகுந்தம்மா" என்று சிரித்தாள். இப்போது நன்றாக இருக்கிறதாம். கூடவே நாலு பேரை வேறு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேசாமல் போன எண்பது பேரில் யார் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. குறை சொன்னவள் வந்தாள். நோட்டில் அன்றைக்கு எழுதியது இதுதான்: "உப்பு யார் போடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஊறுகாய் கையோடு இருக்க வேண்டும்."

இதை நான் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அம்மா, நீங்க சும்மா குடுக்கறீங்க. நாங்க காசு வாங்கறோம். திட்டுவாங்க." திட்டுவார்கள்தான். சும்மா வாங்கிச் சாப்பிட்டவர்களும் திட்டியிருக்கிறார்கள். ஒரு முறை வண்டியை நிறுத்தும்போதே, "இன்னைக்கு வடை இருக்கு, எல்லாரும் வாங்க" என்று உற்சாகத்தில் கூவிவிட்டேன். பாதி வரிசையில் வடை தீர்ந்துவிட்டது. சாதம் அன்றைக்கு அமிர்தமாக இருந்தது, ஆனாலும் அத்தனை முகத்திலும் வடைதான் தெரிந்தது. "வடைன்னு சொன்னீங்களே" என்று ஒருவர் தொன்னையைத் திருப்பியே கொடுத்துவிட்டார். சொல்லாத பாயசம் வந்தால் சந்தோஷம், சொன்ன வடை வராவிட்டால் சண்டை. அதனால் அந்த யானைப்படையையும் நாற்பது கோட்டையையும் தாளிலிருந்து அடித்துவிடு. வந்தால் வரட்டும். இப்போதைய நிலை என்ற இடத்தில்தான் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஏரி வேலை செய்கிறது, சந்தை வேலை செய்கிறது, கப்பல் இல்லை, குதிரை சுவருக்குள் போகும். காசு கொடுக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டால் பிறகு பயம் எதற்கு?

எல்லோர் பேச்சையும் கேட்டு ஆடாதே. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அண்டாவில் ஒருவருக்குக் காரம் ஜாஸ்தி, அடுத்தவருக்குக் காரம் கம்மி. ஒருவர் சொன்னால் நோட்டில் எழுதுவேன். மூன்று பேர் சொன்னால்தான் கையை மாற்றுவேன். மாசாமாசம் ஒரு ஆள் வந்து, "பிரியாணி போட மாட்டீங்களா?" என்று கேட்கிறார். கிரிவலப் பாதையில்! அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தொன்னையை எடுத்துக்கொள்வேன். உனக்கும் அப்படி ஒருவர் கட்டாயம் வருவார்.

அருண், இதெல்லாம் எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். தெரிந்தும் உனக்கு நேர்மாறாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தேன். இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான இடம் இதுதான்.

நீ மூன்றாம் வகுப்பு. முழுப்பரீட்சை லீவு. கட்டிலுக்கு அடியில் இரண்டு நாளாக என்னமோ செய்துகொண்டிருந்தாய். தீப்பெட்டியெல்லாம் வீடு, நூல்கண்டு கட்டைகளை அடுக்கிக் கோபுரம், சாக்பீஸில் தெரு, என் நீலச் சட்டைத்துணியில் ஏரி. நடுவில் மலை வேண்டுமே? ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்திவிட்டாய். அந்த வயசில் அதை எப்படித் தூக்கினாய் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வா, வந்து பாரு. சீக்கிரம் வா."

வந்தேன். குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டுதான். கோபுரம் பாதியில் நின்றது, குழவி புழுதியில் இருந்தது.

"என்னடா இது, கோபுரத்துக்கு மேல ஒண்ணையும் காணோம். எதையும் முழுசா முடிச்சுட்டுக் கூப்பிடு. மொதல்ல குழவியை எடுத்துக் கழுவி வை."

இவ்வளவுதான் சொன்னேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. நீயும் அழவில்லை. குழவியைக் கழுவி வைத்தாய். இரண்டு நாள் கழித்துப் பெருக்கும்போது பார்த்தால் தீப்பெட்டியெல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள், மேலே சணல் போட்டுக் கட்டியிருந்தது. நீ மறுபடி கூப்பிடவே இல்லை. அதற்குப் பிறகு நீ வரைந்த படம், எழுதிய கட்டுரை, காலேஜில் செய்த புராஜெக்ட் எதுவும் பாதியில் என் கண்ணில் பட்டதில்லை. அதில் நான் செய்த பெரிய தப்பு எது தெரியுமா? பெருமைப்பட்டதுதான். "என் பையன் முடிக்காம எதையும் காட்ட மாட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராஜகோபுரத்தை ஒரு ராஜா ஆரம்பித்து, அவர் காலத்துக்குப் பிறகு வேறொருவர் முடித்தார் என்று ஊருக்கே தெரியும். நடுவில் அது மொட்டையாக நின்ற காலத்தில் உள்ளே பூஜை நின்றதா என்ன? தினமும் அந்தக் கோபுரத்தைக் கும்பிடுகிறவள், நூல்கண்டுக் கோபுரத்துக்கு மட்டும் உச்சி எங்கே என்று கேட்டேன்.

இப்போது இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கோபப்படாதே. யாமினிமேல் சுத்தமாகக் கோபப்படாதே, கேட்டது நான்தான். உன் விளையாட்டை நான் ஆடிவிட்டேன்.

திங்கட்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். "ஆன்ட்டி, அருணுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்" என்றாள். "நான் அவனைப் பெத்தவ, எடுத்துட்டு வா" என்றேன். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அப்பா கடையில் கூட்டம் கம்மி. பென் டிரைவில் கொண்டுவந்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கம்ப்யூட்டர் ஆஸ்துமா வந்த மாதிரி இரைந்தது. திரை ஒரு நிமிஷம் கறுப்பாகவே இருந்தது. பிறகு விடிந்தது. கிழக்கே ஒரு மேடு, கீழே வயல், நடுவில் மலை.

அந்த மலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நம் அண்ணாமலை அப்படி இருக்காது. அதற்குச் சரிவு உண்டு, மடிப்பு உண்டு, நான் அறுபது தடவைக்கு மேல் சுற்றி வந்திருக்கிறேன். இது மேலே மழுங்கலாக, வழவழவென்று, உருண்டையாக இருந்தது. நேற்று யாமினியிடம் கேட்டேன். "நான் நிஜ மலை மாதிரிதான் ஆன்ட்டி வரைஞ்சேன். இவன்தான் ஒத்துக்கல. இப்படித்தான் வேணும்னு மாவுல உருட்டிக் காட்டினான்" என்றாள். அவளுக்குக் காரணம் தெரியாது. நான் அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அது குழவி.

அப்பா கடையில் உட்கார்ந்து அழக்கூடாது என்று விறுவிறுவென்று ஆடத் தொடங்கினேன். முதல் வேலையாகக் கோவில் கட்டினேன். வேறென்ன செய்வேன்? அந்தக் காலத்தில் கோவில் விளக்கு அணையாமல் எரிய ஆடுகளை எழுதிவைப்பார்கள், அவற்றின் நெய்யில் விளக்கு எரியும், கோவில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறது என்று நீதானே ஒரு நாள் சொன்னாய். அதை நீ விளையாட்டில் வைத்திருந்தாய். ஊரிலிருந்த ஆட்டையெல்லாம் விளக்குக்கு விட்டுவிட்டேன். விளக்கு ஜோராக எரிந்தது. அந்த ஊர்க் கணக்கில் மூன்றாம் மாசம், சாப்பிட ஒன்றும் இல்லாமல் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். உன் அப்பா பின்னாலிருந்து, "ராணியம்மா ஊர்ல பஞ்சமாம்ல? விளக்கு வெளிச்சத்துல நல்லாத் தெரியுது" என்றார். கடைக்கு வந்த ஒருவர், ஆதார் காப்பி எடுக்க வந்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல ஏரி வெட்டுங்கக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். காப்பி எடுக்கவே மறந்துவிட்டது அவருக்கு.

இரண்டாம் தடவை ஏரி வெட்டினேன். நல்ல விளைச்சல். களஞ்சியம் நிறைந்தது. ஜனங்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அடுத்த மழை வந்தது, உழுதார்கள், விதைக்க ஒன்றும் இல்லை! வெறும் வயலில் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் தேடித் தேடிப் பார்த்தேன். விதைநெல்லைத் தனியாக எடுத்துவைக்க உன் ஊரில் இடமே இல்லை. இருக்கிறதையெல்லாம் தின்றுவிடுகிறார்கள். கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் வீட்டில் நெல் வந்தால் முதலில் எடுத்துவைப்பது விதைக்கு, அப்புறம்தான் சோற்றுக்கு. என் நோட்டில் அது இல்லை, ஏனென்றால் நான் அரிசி வாங்கிச் சமைக்கிறவள். என் நோட்டை நம்பி ஊர் கட்டினால் ஊருக்கு விதை எங்கிருந்து வரும்? நீயும் பார்க்கவில்லை, யாமினியும் பார்க்கவில்லை. மூன்று வருஷம் இரண்டு பேரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து பார்த்தும் தெரியாத குறை, வெளி ஆள் ஒருத்தி ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இன்னும் மூன்று மாசம் அல்ல, மூன்று வருஷம் மூடி வைத்திருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது. சமைத்தவளுக்கு உப்புத் தெரியாது அருண்.

அந்தக் குதிரையையும் பார்த்தேன். சுவருக்குள் புகுந்து கோவில் வழியாக வந்து, மடப்பள்ளியில் நின்று வாலை ஆட்டியது. அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அதனால் யாரும் எழுந்து போகவில்லை. ஆதார்க்காரர் நேற்றும் வந்தார். காப்பி எடுக்க இல்லை, "ஊர் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்க.

நான் நிறைவாக இருக்கிறேன். மாடியில் துணி காயப்போடும்போது மலை தெரிகிறது, அப்பாவுக்குக் கடை ஓடுகிறது, என் முழங்கால் இன்னும் பதினாலு கிலோமீட்டர் தாங்குகிறது. நீ சென்னை வேலைக்கே திரும்பிப் போனாலும் எனக்கு வருத்தம் கிடையாது. விளையாட்டு விற்காமல் போகலாம். அதற்கும் வருத்தம் இல்லை. செருப்புப் பெட்டியில் கட்டிவைத்துவிட்டு மட்டும் போகாதே. அந்தச் சணல் முடிச்சைப் போட்டது நான். அவிழ்க்க வேண்டியவளும் நான்தான் என்பதால் இத்தனையும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் யாமினியிடம், தீபத்துக்கு விடுகிறோம் என்று சொல். அந்தக் காலிக் கட்டத்தில் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். "சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறோம்" என்று உன் இங்கிலீஷில் எழுது. தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றும்போது நீயும் பட்டனை அழுத்து. நான் மாடியில் நின்று இரண்டையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இதோடு நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து வைத்திருக்கிறேன். பதினேழு குறை. விதைநெல் முதலில் இருக்கிறது. குதிரை கடைசியில் இருக்கிறது, அதற்கு அவசரம் இல்லை. கடிதத்தில் நாலு இடத்தில் அடித்திருக்கிறேன், ஒரு இடத்தில் ரசம் பட்டுவிட்டது. அப்படியே அனுப்புகிறேன்.

சின்ன வயசில் கல்யாண வீட்டில் எல்லோரும் எழுந்த பிறகும் நீ எழ மாட்டாய். பக்கத்தில் இருப்பவர்கள் இலையை மடித்துவிட்டுப் போய்விடுவார்கள், நீ மட்டும் விரித்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு, பாயசம் இரண்டாம் தடவை வரும் என்று உட்கார்ந்திருப்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும், கையைப் பிடித்து இழுப்பேன். இப்போது நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு நீ "வா, வந்து பாரு" என்று கூப்பிட்டபோது சரியாகப் பார்க்காமல் போனவள், இந்தத் தடவை கூப்பிடாமலே வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டுப் பார்த்தேன். உப்புக் கொஞ்சம் கம்மி. இலையை மடிக்கவில்லை.

அம்மா